பேய் மேக்கப்பை விடுங்கள், முதலில் கட்களைக் குறையுங்கள்

கேள்வியை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். கையில் ஒரு போன், ஒரு ட்ரைபாட், இரண்டு எல்இடி விளக்குகள். மாமா வீட்டில் எட்டு நிமிடப் பேய்க் குறும்படம் ஒன்று எடுத்திருக்கிறீர்கள். முக்கியமான காட்சி இது: இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து வரும் பெண்ணுக்குக் கூடத்தில் ஊஞ்சல் ஆடும் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால், போன மாதம் இறந்துபோன பாட்டி ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாள். நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, பாட்டியின் முகம் வந்ததும் சிரித்துவிட்டார்கள். மேக்கப்புக்கும் கிராபிக்ஸுக்கும் பணம் இல்லை. கேமரா ஆங்கிளையும் எடிட்டிங்கையும் வைத்தே இதைத் தேற்ற முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். ஆனால் பாட்டியின் முகத்திலிருந்து தொடங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் ஷாட் வரிசையை எண்ணிப் பார்த்தேன். 50 வினாடிக் காட்சியில் 19 கட் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவும் இடம்) இருக்கிறது. கால், ஃப்ரிட்ஜ் கதவு, பாட்டில், முகம், சங்கிலி, மறுபடி முகம், மறுபடி சங்கிலி, கண், வைடு (முழு இடத்தையும் தூரத்திலிருந்து காட்டும் ஷாட்), டாப் ஆங்கிள் என்று போய்க் கடைசியில் பாட்டி. சராசரியாக ஒரு ஷாட்டுக்கு இரண்டரை வினாடி. பாட்டியின் முகத்துக்கு லட்ச ரூபாய் செலவு செய்திருந்தாலும் இந்த எடிட்டில் பயம் வந்திருக்காது.

ஏன் என்று சொல்கிறேன். பேய்ப் படம் பார்க்கிறவர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ஃப்ரேமுக்குள் தேடிக்கொண்டே இருக்கிறார். கதவிடுக்கு, ஜன்னல், அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இருட்டு என்று கண் அலைந்துகொண்டே இருக்கும். அந்த அலைச்சல்தான் பயம். நீங்கள் கட் செய்யும்போது, அவர் தேடிக்கொண்டிருந்த இடத்தைப் பிடுங்கிவிட்டு, ‘இதைப் பார்’ என்று வேறொன்றைக் கையில் கொடுக்கிறீர்கள். அவருக்கு வேலை மிச்சம். எங்கே பார்ப்பது என்று இயக்குநரே சொல்லிக்கொண்டிருக்கிறார், ஆபத்து வந்தால் அதையும் அவரே காட்டிவிடுவார் என்று மனசு சாய்ந்து உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு கட்டும் பார்க்கிறவருக்கு ஒரு மூச்சு விடும் இடம். 19 முறை மூச்சு விட வைத்துவிட்டுக் கடைசியில் மூச்சை நிறுத்தப் பார்த்தால் எப்படி நடக்கும்?

நான் குறும்படங்களுக்கு எடிட் செய்து கொடுக்கிறவன். பயம் வராத காட்சி என்று யார் கொண்டுவந்தாலும் முதலில் செய்வது ஒன்றுதான். அந்தக் காட்சியின் மிக நீளமான வைடு ஷாட்டை எடுத்து, வேறெதுவும் சேர்க்காமல் முழுதாக ஓட விடுவேன். பிறகு எந்த இடத்தில் கட் இல்லாமல் முடியவே முடியாது என்று பார்த்து, அங்கே மட்டும் ஒன்று வைப்பேன். பெரும்பாலும் 19 என்பது ஐந்தாகவோ ஆறாகவோ குறைந்துவிடும். குறைந்த பட்ஜெட்டில் இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஷாட் குறைந்தால் லைட்டிங் மாற்றுவது குறையும், கன்டினியூட்டி தவறுகள் (ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் பொருந்தாமல் போவது) குறையும். மிச்சமாகும் இரவு நேரத்தை அந்த ஐந்து ஷாட்டுக்கும் டேக் எடுக்கச் செலவழிக்கலாம்.

கட் செய்ய எப்போது மறுக்க வேண்டும் என்பதற்கு நான் திரும்பத் திரும்பக் காட்டும் உதாரணம் 1942-ல் வந்த ‘கேட் பீப்பிள்’. ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளருக்குப் பேய்ப் படங்களை எடுக்கச் சொல்லி, படத்துக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டியிருந்தார்கள். அன்றைய ஹாலிவுட்டில் அது சின்னத் தொகை. கருஞ்சிறுத்தையாக மாறும் பெண்ணின் கதை. மாறுவதை நம்பும்படி காட்டப் பணம் கிடையாது. இயக்குநர் ஜாக் டூர்னரும் எடிட்டர் மார்க் ராப்சனும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

இரவில் பூங்காச் சுவர் ஓரமாக ஒருத்தி தனியாக நடக்கிறாள். சிறுத்தைப் பெண் பின்தொடர்கிறாள். தெருவிளக்கு வெளிச்சம் வட்டம் வட்டமாக விழுகிறது, இடையில் இருட்டு. முன்னால் போகிறவளின் செருப்புச் சத்தம், கட், பின்னால் வருகிறவளின் செருப்புச் சத்தம், கட். இப்படி மாறி மாறி வரும்போது நமக்கு ஒரு கணக்குப் பிடிபட்டுவிடுகிறது: இவள், அவள், இவள், அவள். திடீரென்று பின்னால் வந்த சத்தம் நின்றுபோகிறது. அதற்கப்புறம் படம் முன்னால் போகிறவளிடமே தங்கிவிடுகிறது. ‘அவள்’ வர வேண்டிய முறை வந்தும் அவளைக் காட்டுவதில்லை. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், நடையை எட்டிப் போடுகிறாள், ஓடுகிறாள். சீறல் போல ஒரு சத்தம் பாய்கிறது. பார்த்தால் பக்கத்தில் வந்து நிற்கும் பஸ்ஸின் பிரேக். அந்த பஸ்ஸுக்கு ‘லூட்டன் பஸ்’ என்றே பெயர் வந்துவிட்டது. பொய்யாகத் தூக்கிவாரிப்போட வைக்கும் காட்சிகளை இன்றைக்கும் அந்தப் பெயரால் சொல்கிறவர்கள் உண்டு.

எல்லோரும் பஸ்ஸைப் பற்றியே பேசுகிறார்கள். என் கண்ணுக்குப் பெரியது பஸ்ஸுக்கு முன்னால் நடப்பது. பார்க்கிறவருக்கு ஒரு கட் பழக்கத்தை ஏற்படுத்திவிட்டு, அதை நிறுத்திவிட்டார்கள். வராத ஷாட்டில் சிறுத்தை இருக்கிறது. அதற்கு ஒரு பைசா செலவில்லை. உங்கள் காட்சியில் முகம், சங்கிலி, முகம், சங்கிலி என்று ஏற்கெனவே மாற்றி மாற்றி வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது முறை சங்கிலிக்குப் போகாமல் முகத்திலேயே இருந்து பாருங்கள். சத்தமும் அந்த இடத்தில் நிற்கட்டும். ஊஞ்சல் ஆடும் சத்தத்தை விட, ஆடிக்கொண்டிருந்த ஊஞ்சல் சட்டென்று நின்ற அமைதி கொடுமையானது. தானாக ஆடியது காற்றாக இருக்கலாம். தானாக நின்றால்?

சரி, ஆங்கிளுக்கு வருவோம். குறும்படம் எடுக்கிறவர்கள் ஆங்கிளை அழகுக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தரையோடு தரையாக ஒன்று, ஃபேனுக்குப் பக்கத்திலிருந்து ஒன்று, கேமராவைச் சாய்த்து ஒன்று. பேய்க் காட்சியில் நான் ஒவ்வொரு ஆங்கிளிடமும் கேட்கும் கேள்வி, அது எந்த இடத்தை மறைக்கிறது என்பதுதான். கதாபாத்திரத்தின் முகத்தை நேராக நெருக்கத்தில் வைத்தால், அவள் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, நமக்கு ஒரு கீற்று தெரியும். பக்கவாட்டில் வைத்து ஃப்ரேமின் முக்கால் பங்கைக் காலியாக விட்டால், அந்தக் காலி இடம் எதையோ எதிர்பார்த்து நிற்கும். ஓவர் ஷோல்டர் (ஒருவரின் தோளுக்கு மேலாகப் பார்க்கும் ஷாட்) வைத்து எதிரே ஆளே இல்லாமல் விட்டாலும் அதே விளைவு. சாய்த்து வைக்கும் ஆங்கிளை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ‘இப்போது பயப்படு’ என்று அறிவிப்புப் பலகை வைத்த மாதிரி இருக்கும். நேரான ஃப்ரேம், சாதாரண வீடு, அதில் ஒன்று மட்டும் சரியில்லை என்றால்தான் வயிற்றைப் பிசையும்.

ஆங்கிளை மாற்றாமலே வைத்திருப்பதும் ஒரு ஆயுதம். ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யை ஓரன் பெலி தன் சொந்த வீட்டில், ஏழு நாளில், சுமார் 15,000 டாலரில் எடுத்தார். படுக்கையறைக் காட்சிகள் எல்லாம் ட்ரைபாடில் ஒரே ஆங்கிள். ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் திறந்த கதவு, கதவுக்கு அப்பால் இருட்டு நடை. ஒவ்வொரு இரவும் அதே ஃப்ரேமுக்குத் திரும்பி வருகிறோம். மூன்றாவது முறைக்குள் அந்த அறையில் எது எங்கே இருக்கும் என்று நமக்கு மனப்பாடம். அதனால்தான் கதவு ஒரு சாண் அசைந்தாலும் தியேட்டரே அலறியது. திரும்பி வரும் ஃப்ரேமின் பலம் அது. இதை உங்கள் ஊஞ்சல் காட்சியில் அப்படியே பயன்படுத்தலாம்.

எப்படி என்று ஷாட் ஷாட்டாகச் சொல்கிறேன். ஒரே இரவில் எடுத்துவிடலாம்.

முதல் ஷாட். கேமரா கூடத்தின் கோடியில், ஊஞ்சலுக்குப் பின்னால், உட்கார்ந்த ஆளின் கண் உயரத்தில். ஃப்ரேமின் இடது ஓரத்தில் ஊஞ்சல் சங்கிலியும் பலகையின் ஒரு முனையும், கேமராவுக்கு மிக அருகில். கூடம் இருட்டு. வலது பக்கம் தூரத்தில் சமையலறை வாசல், உள்ளே வெளிச்சம். அந்த வாசல் சட்டத்துக்குள் பெண் வருகிறாள், பானையிலிருந்தோ ஃப்ரிட்ஜிலிருந்தோ தண்ணீர் எடுக்கிறாள், நமக்கு முதுகைக் காட்டி நின்று குடிக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. 12 வினாடி ஓடட்டும். இயக்குநர் மனசு பதறும், ஓட விடுங்கள். அப்புறம் சங்கிலி லேசாக அசைகிறது. சத்தமே இல்லை. மீன்பிடி நரம்பைக் கட்டி ஒருவர் இழுத்தால் போதும். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் கவனிப்பார்கள், பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். அது நல்லது. கவனித்தவர் பக்கத்திலிருப்பவரின் தோளைத் தட்டுவார்.

ஒரு அசைவு, இரண்டு அசைவு. மூன்றாவதில் ‘க்ரீச்’. அவள் குடிப்பதை நிறுத்துகிறாள். இங்கேதான் முதல் கட். அவள் முகம், சமையலறைக்குள்ளிருந்து, மிட் க்ளோசப். க்ரீச் தொடர்கிறது. நாம் ஊஞ்சலைக் காட்டவில்லை. அவள் கண் மட்டும் ஃப்ரேமுக்கு வெளியே எதையோ துழாவுகிறது. “யாரு?” என்று கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். கேட்டால் சத்தம் நிற்க வேண்டும். ஆறு வினாடி அமைதி. இந்த அமைதியில் கட் இல்லை, முகத்திலேயே இருக்கிறோம்.

அவள் நடக்கத் தொடங்கும்போது கேமரா அவளுக்கு முன்னால் பின்வாங்கிப் போகட்டும். பின்னால் வெளிச்சமான சமையலறை வாசல் சின்னதாகிக்கொண்டே போகிறது. அதில் யாராவது வருவார்களோ என்று எல்லோரும் அங்கே பார்ப்பார்கள். ஒருவரும் வர மாட்டார்கள். அடுத்த கட், அவள் பார்வையில் கூடம்: ஊஞ்சல் காலியாக ஆடிக்கொண்டிருக்கிறது. அடுத்து ஒரு இன்சர்ட் (நடுவில் செருகும் சின்ன நெருக்க ஷாட்), சங்கிலியைப் பிடித்து நிறுத்தும் கை. இந்த இன்சர்ட் முக்கியம். ஊஞ்சல் நின்றதும் பார்க்கிறவரும் ‘சரி, முடிந்தது’ என்று இறங்கிவிடுவார். அந்த இறக்கம் நமக்கு வேண்டும்.

கடைசி ஷாட். முதல் ஷாட்டின் அதே இடம், அதே உயரம், அதே ஃப்ரேம். இப்போது பெண் முன்னால், சங்கிலியைப் பிடித்தபடி, நம் பக்கம் பார்த்து நிற்கிறாள். தூரத்தில் அதே சமையலறை வாசலில், அவள் நின்ற அதே இடத்தில், பாட்டி. நமக்கு முதுகைக் காட்டி நின்று தண்ணீர் குடிக்கிறாள். இசை கிடையாது, க்ளோசப் கிடையாது. பாட்டி அங்கே முதல் ஃப்ரேமிலிருந்தே நிற்கட்டும், உள்ளே நடந்து வரக்கூடாது. நடந்து வந்தால் கண் அசைவைப் பிடித்துவிடும். ஏற்கெனவே நின்றால் பார்க்கிறவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்த அந்த நொடியில் அவர் தனியாக இருக்கிறார். டம்ளரை மேடையில் வைக்கும் ‘டொக்’ சத்தம் கேட்கிறது. பெண்ணின் கண் விரிகிறது. திரும்புவதற்கு முன் கருப்பு.

பாட்டியின் முகமே இதில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பவுடரும் மையும் தேவையில்லை. வெள்ளைச் சேலையும் வேண்டாம், அது எல்லாப் பேய்க்கும் தைத்த யூனிஃபார்ம் ஆகிவிட்டது. படத்தின் தொடக்கத்தில் கொடியில் காய்ந்த பாட்டியின் சுங்குடிச் சேலையை ஒரு முறை காட்டிவிட்டு, இங்கே அதைக் கட்டிவிடுங்கள். உங்கள் அத்தையோ சித்தியோ, முதுகு கொஞ்சம் கூனியவர் யார் இருந்தாலும் பாட்டியாக நிற்கலாம்.

ஆளை முன்னால் வைத்து ஆபத்தைப் பின்னால் அதே ஃப்ரேமில் வைக்கும் இந்த முறைக்கு 1978-ல் வந்த ‘ஹாலோவீன்’ நல்ல பாடம். ஏறக்குறைய மூன்று லட்சம் டாலர் படம். கதாநாயகி எல்லாம் முடிந்தது என்று வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால், ஃப்ரேமின் ஆழத்தில், செத்துவிட்டான் என்று நினைத்த கொலைகாரன் எழுந்து உட்காருகிறான். இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் அங்கே அவன் முகத்துக்கு கட் செய்யவில்லை. இன்னொரு இடத்தில், அவள் இருட்டான வாசலை ஒட்டி நிற்க, அந்த இருட்டுக்குள் அவன் முகமூடி மெல்லத் தெரிய வருகிறது. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி ஒரு சின்ன விளக்கை டிம்மரில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) போட்டு மெதுவாக ஏற்றியதுதான் அந்த மாயம். அவன் முதலிலிருந்தே அங்கே நின்றிருக்கிறான் என்று நமக்கு உறைக்கும்போது முதுகு சில்லிடும். உங்கள் எல்இடி விளக்கிலும் அந்தத் திருகு இருக்கிறது.

விளக்கு என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் போனின் இருட்டு அதைக் கெடுத்துவிடும். போன் சென்சார் சின்னது. இருட்டில் எடுத்தால் படம் முழுக்கப் புழு நெளிவது போல நாய்ஸ் வரும், கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஆகவே இருட்டில் எடுக்காதீர்கள். சிறு பகுதிக்கு மட்டும் நல்ல வெளிச்சம் கொடுத்து எடுத்து, எடிட்டில் கலர் சரிசெய்யும்போது வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள். விளக்கு ஆளுக்கு அருகில், சுவர் ஆளிலிருந்து தூரத்தில். விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. வெள்ளையடித்த சுவரை ஒட்டி ஆளை நிறுத்தினால் எந்தப் பேயும் பிழைக்காது, எட்டடி தள்ளி நிறுத்தினால் அதே சுவர் தானாக இருண்டுவிடும். கடைசி ஷாட்டில் ஒரு விளக்கைப் பாட்டிக்கு அப்பால், சமையலறைக்குள், வாசல் மறைக்கும் இடத்தில் வையுங்கள். பாட்டி நிழலுருவமாக நிற்பாள். இன்னொரு விளக்கை மேல்பக்கம் திருப்பி, மிகக் குறைத்து, முன்னால் நிற்கும் பெண்ணின் கன்னத்துக்கு.

போனில் எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் லாக் செய்யாமல் எடுக்கவே கூடாது. பெண் வெளிச்சத்தைக் கடக்கும்போது போன் தானாகப் பிரகாசத்தைக் கூட்டிக் குறைத்தால், அங்கே ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஷட்டர் வேகம் வினாடியில் 50-ல் ஒரு பங்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் குழல்விளக்கு மினுக்காமல் இருக்கும். போனில் பின்னணியை மங்கலாக்க முடியவில்லையே என்று நிறையப் பேர் வருத்தப்படுகிறார்கள். பேய்ப் படத்துக்கு அது வரம். முன்னால் நிற்கிறவளும் தூரத்தில் நிற்கிறவளும் இரண்டு பேரும் தெளிவாகத் தெரிவது நமக்கு வேண்டியதுதானே.

கேமரா அசைவைப் பற்றி ஒரு விஷயம். அசையும் கேமரா என்றால் யாரோ பார்க்கிறார்கள் என்று அர்த்தம். யார் என்று நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும். சாம் ரெய்மி ‘தி ஈவில் டெட்’ எடுத்தபோது, காட்டுக்குள் பாய்ந்து வரும் தீய சக்திக்கு உருவம் செய்யப் பணமில்லாமல், ஒரு மரப்பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி இரண்டு முனையிலும் ஆள் பிடித்து ஓடினார்கள். கேமராவே பேய் ஆகிவிட்டது. உங்கள் கூடத்தில் ஓட இடமில்லை, ஆனால் இதைச் செய்து பாருங்கள்: பெண் நடந்து போகும்போது கேமரா அவளைத் தொடர்ந்து திரும்பாமல், அவள் போகப்போகும் இடத்துக்கு அவளுக்கு முன்பே திரும்பிப் போய்க் காத்திருக்கட்டும். அவள் பிறகு ஃப்ரேமுக்குள் வரட்டும். அவள் வருவாள் என்று தெரிந்த யாரோ ஒருவரின் பார்வையாக அது மாறிவிடும். மெதுவாக நெருங்கும் ஷாட்டுக்கு ஸ்லைடர் இல்லையென்றால், மேசையில் துண்டை விரித்து, அதன் மேல் போனை நிறுத்தி, துண்டை இழுங்கள். நான் வேலை செய்த ஒரு படத்தில் அப்படி எடுத்த ஷாட்டைப் பார்த்து, எந்த டாலி (கேமராவை வைத்துத் தள்ளும் வண்டி) என்று ஒருவர் கேட்டார்.

கட் இல்லாமல் ஆளை இரண்டு இடத்தில் காட்டும் ஒரு பழைய வித்தை இருக்கிறது, குறும்படக்காரர்கள் அவசியம் பயன்படுத்த வேண்டியது. கேமரா ட்ரைபாடில். அம்மா அடுப்படியில் நின்று கிளறிக்கொண்டிருக்கிறாள். கேமரா மெதுவாகத் திரும்புகிறது, சுவர், காலண்டர், ஜன்னல், படுக்கையறை வாசல். உள்ளே கட்டிலில் அதே அம்மா உட்கார்ந்திருக்கிறாள். கேமரா திரும்பும் நேரத்தில் நடிகை கேமராவுக்குப் பின்னால் வெறுங்காலோடு ஓடி வந்து உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். பார்க்கிறவர் கண்முன்னால் ஒரு கட் கூட இல்லை என்பதால் மூளை தப்பிக்க வழி தேடித் திணறும். இதையே இரண்டு ஷாட்டாக கட் செய்து காட்டினால் ஒன்றுமே இல்லை. மூச்சிரைப்பு அடங்க நடிகைக்கு நாலு வினாடி வேண்டும், அதற்கேற்ற வேகத்தில் திருப்புங்கள்.

முகத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்றால்? கதைக்குத் தேவையென்றால் காட்டலாம். ஆனால் அதன் நீளத்தை ஃப்ரேம் கணக்கில் பாருங்கள். வினாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். உங்கள் எடிட்டில் பாட்டியின் முகம் இரண்டு வினாடி இருக்கிறது, அதாவது 48 ஃப்ரேம். முதல் பத்து ஃப்ரேமில் அது முகம் என்று தெரிந்துவிடும். மிச்சம் 38 ஃப்ரேமில் பவுடர், மை, ஒட்டிய விக் எல்லாவற்றையும் ஆற அமரப் பார்த்துச் சிரிப்பதற்கு நேரம் கொடுத்திருக்கிறீர்கள். எட்டிலிருந்து பத்து ஃப்ரேமில் கட் செய்யுங்கள், வெட்டிய இடத்திலிருந்து பெண்ணின் ரியாக்‌ஷனுக்குப் போகாமல் வேறெங்காவது, காலி ஊஞ்சலுக்கோ கருப்புக்கோ போங்கள். இன்னொன்று: முதலில் அவள் அலறல், பிறகு பேய் என்று வைத்தால் பேய் தோற்றுவிடும். அலறல் கொடுத்த எதிர்பார்ப்புக்கு எந்த மேக்கப்பும் ஈடு கொடுக்காது. பேய் முதலில், அவளுக்குத் தெரிவது பிறகு.

உடல் அசைவில் விநோதம் வேண்டுமானால் நடிகரைப் பின்னோக்கி நடக்கச் சொல்லி எடுத்து, எடிட்டிங் டைம்லைனில் கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும்படி திருப்பிப் போடுங்கள். ஜப்பானின் ‘ரிங்’ (1998) படத்தில் தலைமுடி மூடிய முகத்தோடு வரும் பேய் சடாக்கோவின் நடை இப்படி எடுத்ததுதான். மனித அசைவுதான், ஆனால் எடை மாறும் விதம் தப்பாக இருக்கும். இதைத் தவிர, நடந்து வரும் ஷாட்டில் ஆங்காங்கே நாலைந்து ஃப்ரேம் பிடுங்கிவிட்டாலும் உதறல் போல வரும். இதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள்.

கட் குறைவாக இருக்க வேண்டும் என்று சொன்ன நானே ஒரு விதிவிலக்கும் சொல்லியாக வேண்டும். தாக்குதல் நடக்கும் நேரம். கத்தி உடம்பில் இறங்குவதைக் காட்ட முடியாதபோது வேகமான கட்கள்தான் அதைக் காட்டியதாக நம்ப வைக்கும். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) குளியலறைக் கொலையை எடுக்க ஏழு நாள் ஆனது. திரையில் அது ஒரு நிமிடம் கூட இல்லை. ரத்தம் என்பது சாக்லேட் சிரப், வெட்டும் சத்தம் முலாம்பழத்தைக் குத்திய சத்தம். ஆனால் அதற்கு முன்னால் அவள் குளிக்கும்போது, திரைக்குப் பின்னால் கதவு திறந்து நிழல் நெருங்குவது ஒரே ஷாட்டில் மெதுவாக வருவதைப் பாருங்கள். வேகம் எடுபடுவதே அந்த மெதுவினால்தான்.

சத்தம் இந்தக் கேள்வியில் இல்லை, ஆனால் கட் பற்றிப் பேசும்போது சத்தத்தை விட முடியாது. உங்கள் படத்தில் படமும் சத்தமும் எல்லா இடத்திலும் ஒன்றாகவே வெட்டுப்படுகின்றன. அதனால்தான் ஒவ்வொரு கட்டும் துருத்திக்கொண்டு தெரிகிறது. ராத்திரி வீட்டின் சத்தத்தை ஐந்து நிமிடம் தனியாகப் பதிவு செய்து (ஃபேன், ஃப்ரிட்ஜ் மோட்டார், தூரத்து நாய்) காட்சி முழுக்க அடியில் ஓட விடுங்கள். இப்போது உங்கள் கையில் ஒரு பொத்தான் இருக்கிறது. க்ரீச் நிற்கும் அதே நேரம் ஃப்ரிட்ஜ் மோட்டாரும் அடங்கட்டும். அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே பார்க்கிறவருக்குத் தெரியாது, நின்றவுடன் காது விறைக்கும். தூக்கிவாரிப்போடும் இடத்துக்குப் பெரிய இசை தேவையில்லை. அதற்கு முந்தைய இரண்டு வினாடியை எவ்வளவு அமைதியாக்குகிறீர்களோ, அவ்வளவு சின்னச் சத்தம் போதும்.

மறுபடி எடுக்க வழியே இல்லை, மாமா வீட்டில் இனி விட மாட்டார்கள் என்றால், இருக்கும் ரஷ்ஷிலேயே (வெட்டாமல் எடுத்தபடியே இருக்கும் பதிவுகள்) கொஞ்சம் காப்பாற்றலாம். ஒவ்வொரு க்ளிப்பிலும் ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன்னும் ‘கட்’ சொன்ன பின்னும் சில வினாடிகள் இருக்கும். அவற்றைப் பாருங்கள். நடிகை நடிக்கத் தொடங்கும் முன் யோசனையில்லாமல் நிற்கும் முகம், நடித்து முடித்து யாரையோ பார்க்கும் பார்வை, காலியான கூடம். பயந்த முகத்தை விட அந்த வெற்று முகம் உங்களுக்கு உதவும், ஏனென்றால் பயத்தைப் பார்க்கிறவர் அதில் தானே எழுதிக்கொள்வார். 4கே-யில் எடுத்திருந்தால் 1080 டைம்லைனில் படத்தை இரண்டு மடங்கு வரை பெரிதாக்கி உள்ளே போகலாம். அந்த வைடு ஷாட்டை 15 வினாடியில் நூற்றுக்கு எட்டு பங்கு மட்டும் மெல்ல நெருங்க வையுங்கள், கண்ணுக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும். பாட்டியின் முகத்தை வெட்டிவிட்டு, அவள் கால்விரல் தரையைத் தொட்டு ஊஞ்சலை உந்தும் பகுதி எங்காவது பதிவாகியிருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஷாட்டின் நீளத்தைப் பற்றி நிறையப் பேர் குழம்புவார்கள், அதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். படத்தைப் பார்க்காத நாலு பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் போடுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், அவர் கண்ணைப் பாருங்கள். அந்தக் கண், முன்னால் நிற்கும் பெண்ணை விட்டு வலது பக்கம் தாவும் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு பேரில் மூன்று பேர் பாட்டியைக் கண்டுபிடித்த நேரம் எதுவோ, அதற்கு ஒரு வினாடி கழித்து டம்ளர் சத்தத்தை வையுங்கள். நாலாமவர் சத்தம் கேட்டுக் கண்டுபிடிப்பார்.